நான் மொழிபெயர்க்காமல் விட்டது

பந்தல் காலில் ஏறி நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த மச்சான், பல்லில் கடித்திருந்த கயிற்று நுனியை எடுத்துவிட்டு, "மாப்ளே, இன்னிக்கு இன்னா விசேஷம்? துரை ஊரு ராஜா பொறந்த நாளா?" என்று என்னைக் கேட்டார். ஜூலை மாதம். தூறலும் காற்றுமாக இருந்தது. பாறை இடிக்கும் இயந்திரங்களின் சத்தம் வழக்கம்போல் தரையை அதிர வைத்துக்கொண்டிருந்தது. துரையின் பங்களா வாசலில் நட்சத்திரமும் கோடுகளும் போட்ட ஒரு கொடி ஈரத்தில் தொங்கிக் கிடந்தது. அந்தக் கேள்வியை நான் இங்கிலீஷில் சொன்னதும் துரை வாய்விட்டுச் சிரித்தார். "எங்களுக்கு ராஜா கிடையாது. ராஜா வேண்டாம் என்று சொன்ன நாளைத்தான் கொண்டாடுகிறோம்" என்றார். மச்சான் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வட ஆற்காட்டிலிருந்து தங்க வயலுக்கு வந்த முதல் கூட்டத்தில் ஒருவர். சுரங்கத்தில் பாறை சரியாமல் மரம் கொடுத்துத் தாங்க வைக்கும் வேலை அவருக்கு. எந்த மரம் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார். படிப்பு இல்லை. நான் மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவன் என்பதால் எனக்குச் சுரங்க ஆபீசில் துபாஷி வேலை கிடைத்திருந்தது. ஷாப்ட் என்ற ஆழக் குழியில் ஆட்கள் போகும் கூண்டை இறக்கி ஏற்றும் புது இன்ஜினைப் பொருத்துவதற்காக இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் வந்திருந்தார் அமெரிக்கா துரை. அவர் பேசுவதைத் தமிழிலும், ஆட்கள் பேசுவதை இங்கிலீஷிலும் சொல்வதுதான் என் பிழைப்பு.

அன்று பகல் முழுவதும் மச்சான் கேட்டுக்கொண்டே இருந்தார். துரையும் சலிக்காமல் சொன்னார். ராஜாவை விலக்கிய பிறகு முதலில் அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு உருப்படவில்லை. நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தன் போக்கில் இழுத்தது. அதனால் ஒரு கோடைக்காலத்தில் கொஞ்சம் பேர் ஒரு கூடத்துக்குள் உட்கார்ந்து, வெளியே யாருக்கும் கேட்கக்கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, புழுக்கத்தில் மாதக்கணக்காகச் சண்டை போட்டு ஒரு சாசனம் எழுதினார்கள். சட்டம் போடுகிறவர்கள் ஒரு பக்கம், காரியம் நடத்துகிறவர் ஒரு பக்கம், நியாயம் கேட்கிறவர்கள் ஒரு பக்கம். நடத்துகிறவருக்குத் தவணை உண்டு. தவணை முடிந்தால் மறுபடியும் ஜனங்களிடம் வந்து நிற்க வேண்டும். அவர்களுடைய முதல் தலைவர் விரும்பினால் சாகும்வரை இருந்திருக்கலாம். இரண்டு தவணையோடு போதும் என்று எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"தானா எயுந்து போயிட்டாரா?" மச்சானுக்கு நம்பிக்கை வரவில்லை. "யாரும் அடிச்சுத் தொரத்தலியா?"

"யாரும் துரத்தவில்லை" என்றார் துரை.

மச்சான் கையிலிருந்த கயிற்றுத் துண்டைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, "சரி, அந்த மூணு பக்கமும் ஒண்ணா சேந்துக்கினா இன்னா பண்ணுவாங்க?" என்று கேட்டார். துரை குழாயில் புகையிலையை அமுக்கிக்கொண்டே, "எழுதியவர்கள் யாரையும் நம்பவில்லை. தங்களையே நம்பவில்லை. ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் சந்தேகம்தான் காவல் என்று நினைத்தார்கள்" என்றார். இதை நான் தமிழில் சொன்னபோது மச்சானின் முகம் மலர்ந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. பாரத்தை ஒரே மரத்தின்மேல் போடாமல் பிரித்துக் கொடுப்பவர் அல்லவா? அவருடைய வேலையையே யாரோ வேறு பாஷையில் சொன்னது போல் இருந்திருக்கும்.

துரை அத்தோடு நிறுத்தவில்லை. அந்தக் கூடத்தில் உட்கார்ந்தவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்றார். ஜனத்தொகையைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவதென்று அந்தச் சாசனத்திலேயே எழுதினார்கள். அதனால் எஜமானர்களுக்குத்தான் பலம் கூடியது. அடிமைகளுக்கு வாயே இல்லை. அந்தத் தப்பைத் திருத்த ஒரு பெரிய யுத்தமே நடந்தது. துரையின் தகப்பனார் அதில் ஒரு காலை இழந்தார். இப்போது சட்டம் மாறிவிட்டது, ஆனாலும் பல ஊர்களில் அடிமைகளாக இருந்தவர்களை ஓட்டுப் போட வரவிடாமல் மிரட்டுகிறார்கள் என்றும் சொன்னார். "நல்ல சாசனம்தான். ஆனால் யாரை அது எண்ணவில்லையோ அவர்களை அது காப்பாற்றவில்லை. இதையும் அவருக்குச் சொல்" என்றார்.

நான் சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருஷமாக யோசித்துப் பார்க்கிறேன். மச்சானின் முகத்தில் இருந்த வெளிச்சம் ஒரு காரணம். இப்படி ஒரு சேதியை நான் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்ற பெருமை இன்னொரு காரணம். நல்ல விருந்தில் கடைசியில் கல்லை எடுத்துப் போட மனம் வரவில்லை. "துரை இன்னா சொல்றாரு?" என்று மச்சான் கேட்டபோது, "அவுங்க அப்பாவுக்கு சண்டையில கால் போன கதைய சொல்றாரு" என்றேன். மச்சான் துரையைப் பார்த்து 'உச்' கொட்டினார். துரையோ, தான் சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டதென்று நினைத்துத் தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து அவர் கப்பலேறிவிட்டார்.

அதே சமயத்தில்தான் எங்கள் லைனில் தலை இல்லாமல் போயிற்று. மூங்கில் தட்டியும் தகரமுமாக வரிசையாகக் கட்டிய குடிசைகளைத்தான் லைன் என்போம். எங்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்த மேஸ்திரிதான் அதுவரை ராஜா. யாருக்கு எந்தக் குடிசை, கிணற்றில் யார் முதலில் தண்ணீர் எடுப்பது, சண்டை வந்தால் யாருக்கு அடி என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். அவர் வேறொரு சுரங்கத்துக் கேம்ப்புக்கு ஆள் சேர்க்கப் போனதும் கிணற்றடியில் தினமும் மண்டை உடைந்தது. ஆட்கள் ஷிப்ட்டுக்கு வந்தால் போதும் என்று ஆபீஸ் கண்டுகொள்ளவில்லை. மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரையும் வேப்பமரத்தடியில் கூப்பிட்டார். "இன்னொரு மேஸ்திரிய தேடாதீங்க. அந்த வேலைய மூணா பொளந்துடலாம்" என்றார்.

ஐந்து பேர் விதி போடுவார்கள். ஒருவர் ஒரு வருஷம் மட்டும் நடத்துவார்; அவருக்கு 'முறைக்காரர்' என்று பெயர். வருஷம் முடிந்தால் இறங்கிவிட வேண்டும், அடுத்த வருஷம் நிற்கக்கூடாது. மூன்று பேர் வழக்குக் கேட்பார்கள். அந்த மூவரும் உட்கார்ந்து விசாரிக்காமல் யாரையும் லைனைவிட்டு வெளியேற்றக்கூடாது. இந்தக் கடைசி விதியை மச்சான் இரண்டு தரம் சொல்லி எழுதச் சொன்னார். மேஸ்திரி காலத்தில் சாமான்களைத் தெருவில் வீசிய குடும்பங்களை அவர் பார்த்திருந்தார். எழுதியவன் நான். கை தூக்கும் உரிமை யாருக்கு என்று வந்தபோது, ஷிப்ட்டுக்குப் போகும் ஆண் உள்ள வீட்டுக்கு ஒரு கை என்று முடிவாயிற்று. கூட்டத்தின் ஓரத்தில் கூடையோடு நின்றிருந்த ஆப்பக்காரம்மா, "அப்போ என் வூடு?" என்று கேட்டார். அவர் விதவை. புருஷன் பாறை சரிந்து செத்த பிறகு, காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்றுக் காலம் தள்ளினார். ஒரே மகளைத் தங்க வயலின் இன்னொரு கேம்ப்பான கோரமண்டலில் கட்டிக் கொடுத்திருந்தார்.

மச்சான் அன்பாகத்தான் சொன்னார்: "உனக்கு எதுக்குக்கா தனியா? நாங்க எல்லாம் இல்லியா?"

ஆப்பக்காரம்மா சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். என் பேனா அந்த வரியின்மேல் நின்றது. துரை சொன்னது என் காதில் கேட்டது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிற நேரத்தில் எதற்கு என்று அடுத்த வரிக்குப் போனேன்.

ஒரு வருஷம் அது நடந்தது. நன்றாகவே நடந்தது என்று சொல்ல வேண்டும். முதல் முறைக்காரராக எல்லோரும் மச்சானுக்கே கை தூக்கினார்கள். வழக்குக் கேட்கும் மூவரில் நான் ஒருவன். முதலில் வந்த வழக்குகளில் ஒன்று மச்சான் வீட்டின்மேலேயே வந்தது. அவர் மனைவி முறை தப்பித் தண்ணீர் எடுத்துவிட்டார். மூவரும் விசாரித்து, மூன்று நாள் கடைசியாக நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும் என்றோம். மனைவியை அனுப்பாமல் மச்சானே குடத்தோடு கடைசியில் வந்து நின்றார். முன்னால் போகச் சொன்னவர்களைப் பார்த்து, "அப்பால எதுக்குடா எயுதி வெச்சீங்க?" என்று சத்தம் போட்டார். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்துப் பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிணற்றடியில் அந்த வருஷம் ஒரு மண்டைகூட உடையவில்லை.

பிறகு பிளேக் வந்தது. முதலில் எங்கோ தூரத்துச் சேதியாக இருந்தது, பிறகு அடுத்த கேம்ப் வரைக்கும் வந்தது. எலி செத்து விழுந்த வீடுகளின் கூரையைப் பிரித்தார்கள். ஒரு கேம்ப்பிலிருந்து இன்னொரு கேம்ப்புக்குப் போகக் கட்டுப்பாடு வந்தது. விதி போட்ட ஐவரில் மூன்று பேர் குடும்பத்தோடு ஊருக்கு ஓடிவிட்டார்கள். அப்போதுதான் மச்சானின் வருஷம் முடிந்தது. இறங்குகிறேன் என்றுதான் அவர் வேப்பமரத்தடியில் எழுந்து சொன்னார். ஜனங்கள் விடவில்லை. "இப்போ ஆள மாத்துற நேரமா?" என்றார்கள். பயந்த முகங்கள். மச்சான் எங்கள் மூவரையும் பார்த்தார். மற்ற இருவரும், எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று என்னைப் பார்த்தார்கள். அந்த விதியை எழுதியவனே நான்தான். "இப்போதைக்கு அவரே இருக்கட்டும்" என்று சொன்னேன். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். மச்சான் மட்டும் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

அதற்குப் பிறகு அவர் சொன்னதே விதி, அவர் செய்ததே தீர்ப்பு. கெட்ட எண்ணம் அவருக்குத் துளியும் கிடையாது. வீடு வீடாகச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார். தானே எலிகளை வாரிப் போட்டு எரித்தார். சாப்பாட்டையும் தூக்கத்தையும் மறந்தார். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. என் மனைவிக்கு அப்போது எட்டு மாதம். ஏற்கெனவே இரண்டு கரு கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. அவருக்கு அவள் ஒரே தங்கை.

ஒரு காலையில் ஆப்பக்காரம்மாவின் அடுப்பு புகையவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் காய்ச்சல் என்றார்கள். வெயில் ஏறுவதற்குள் அது பிளேக் என்றாகிவிட்டது. அவருடைய குடிசைக்கும் எங்கள் குடிசைக்கும் நடுவே இரண்டே குடிசைகள். மச்சான் ஷிப்ட் உடையோடு என்னிடம் ஓடி வந்தார்.

"மாப்ளே, ஆப்பக்காரக்காவ அந்தப் பழைய மரக் கொட்டாய்ல கொண்டுபோய் வெக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டர் ஆள் வர்றதுக்கு எத்தினி நாள் ஆவுமோ தெரியல. நீ இன்னா சொல்றே?"

உள்ளே என் மனைவி தண்ணீர் கேட்ட குரல் வந்தது. மூன்று பேர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி இருக்கிறதா என்று ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். "நீ பாத்து செய்" என்றேன். அதைச் சொன்னபோது என் மனசுக்குள் இருந்தது ஆறுதல்தான். நான் வாய்விட்டுச் சொல்லாமலே, நான் விரும்பியதை அவர் செய்துவிடுவார் என்ற ஆறுதல்.

கழிவுக் கல் மேட்டுக்கு அப்பால், முன்பு சுரங்க மரம் அடுக்கிவைத்த அந்தக் கொட்டகைக்கு ஆப்பக்காரம்மாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பாய், பானை, அரிசி எல்லாம் மச்சானே கொண்டுபோய் வைத்தார். தினமும் ஷிப்ட் முடிந்ததும் தூரத்தில் கஞ்சியை வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பார். நாலாம் நாள் மழை பிடித்தது. அந்தக் கொட்டகைக்குப் பக்கச் சுவர் கிடையாது. எட்டாம் நாள்தான் கம்பவுண்டர் வந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்து, "கட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது விட்டு விட்டு வர்ற முறைக்காய்ச்சல். வீட்டுல வெச்சு மருந்து குடுத்திருந்தா எழுந்து உட்கார்ந்திருப்பாங்க. இப்போ மார்புல சளி கட்டிப்போச்சு" என்றார். அன்றே வீட்டுக்குத் தூக்கி வந்தோம். இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. மகளை மட்டும் கேட்டார். கட்டுப்பாட்டால் மகள் வர முடியவில்லை.

அடுத்த வாரம் எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மச்சான் குழந்தையைப் பார்க்க வாசல்வரை வந்தவர், உள்ளே வராமல் திரும்பிவிட்டார்.

கட்டுப்பாடு நீங்கிக் கேம்ப்கள் திறந்த முதல் ஞாயிறு மச்சான் எல்லோரையும் வேப்பமரத்தடிக்கு அழைத்தார். ஆப்பக்காரம்மாவின் மகளுக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அவள் புருஷனோடு வந்து ஓரமாக நின்றாள். மச்சான் எங்கள் மூவருக்கும் எதிரில் வந்து கைகட்டி நின்றார். "விதிய மீறி இருந்தேன். விதிய மீறி வெளிய போட்டேன். என்ன விசாரிங்க" என்றார். கெஞ்சுவதுபோல் இருந்தது அந்தக் குரல். கூட்டத்திலிருந்து ஒருவர், "நீ நல்லதுக்குத்தானே செஞ்சே, வுடு" என்றார். எல்லோரும் அதையே சொன்னார்கள். எங்கள் மூவரில் மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தப்பு என்று நான் சொன்னால், அதில் என் பங்கையும் சொல்ல வேண்டிவரும். "நடந்தது நடந்துபோச்சு மச்சான்" என்றேன். தண்டனை கேட்டு நின்றவருக்கு அதைக்கூட நான் கொடுக்கவில்லை. மகள் புருஷனோடு ஸ்டேஷன் பக்கம் நடந்து போனாள்.

அன்றே மச்சான் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அந்தக் கொட்டகைக்குப் போய்விட்டார். மழைக்காலம் முடியும்வரை அங்கிருந்துதான் ஷிப்ட்டுக்குப் போய் வந்தார். மனைவி அழுது கூப்பிட்டும் வரவில்லை. ஒரு மாலை நான் சோறு எடுத்துக்கொண்டு போனேன். சாரல் உள்ளே அடித்துக்கொண்டிருந்தது. அவர் சாப்பிடும்போது, பந்தல் போட்ட அன்று துரை சொன்ன மீதியை முழுவதும் சொல்லிவிட்டேன்: ஐந்து பேரை மூன்றாக எண்ணியது, யுத்தம், இன்றும் நடக்கும் மிரட்டல், எண்ணாதவர்களை அந்தச் சாசனம் காப்பாற்றவில்லை என்றது.

அவர் கை சோற்றிலேயே நின்றது. "இத்த துரையே சொன்னாரா?"

"சொன்னாரு. உங்கிட்ட சொல்லச் சொன்னாரு."

"தன் ஊரு தப்ப அவுரு மறைக்கல. நீதான் மறைச்சே." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஆப்பக்காரக்கா 'என் வூடு?'ன்னு கேட்டப்ப உனக்கு இது தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, "மரம் உள்ள அரிச்சிருக்குன்னு தெரிஞ்சா நான் அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு குடுப்பேன் மாப்ளே. தெரியாட்டி எப்படிக் குடுப்பேன்?" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. லைனுக்கு வேறொரு மேஸ்திரி வந்தார். கிணற்றடியில் பழையபடி சண்டை ஆரம்பித்தது. மச்சான் என் வீட்டுக்கு வருவார், தங்கையிடம் பேசுவார், என் மகளைத் தோளில் தூக்கிக்கொள்வார். என்னிடம் மழையைப் பற்றியும் ஷிப்ட்டைப் பற்றியும் பேசுவார். பதினைந்து வருஷம் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் சுரங்கத்தில் பாறை வெடித்து, அவர் கட்டிய மரங்களுக்கு அடியிலேயே போய்ச் சேர்ந்தார்.

இப்போது பத்திரிகைகளில் தேர்தல் என்றும் ஓட்டு என்றும் நிறைய எழுதுகிறார்கள். அமெரிக்காவில் பார், எப்படி நடக்கிறது என்று ஆபீஸ் பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாடு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எங்கள் லைனில் அது ஒரு வருஷம் உயிரோடு இருந்தது. அது செத்தது சாசனத்தில் இருந்த குறையால் மட்டும் அல்ல. 'கூடாது' என்று சொல்வதற்கென்றே உட்கார வைத்த ஒருவன், அதைச் சொல்லவேண்டிய அன்று வீட்டுக்குள் கேட்ட குரலை மட்டும் கேட்டான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது. போன தை மாதம் கோரமண்டலுக்குப் போய் ஆப்பக்காரம்மாவின் மகளின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அன்று நான் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை, என் பெண்சாதிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். உங்க மச்சான் அந்த மழை வுட்ட ஒடனே வந்து இங்கியேதான் குந்திக்கினு அழுதாரு. அவுரு பங்க மட்டும்தான் சொன்னாரு. உங்க பேர எடுக்கல. 'மீதிய சொல்றவங்க வந்து சொல்லட்டும்'னுட்டுப் போனாரு" என்றாள். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "இத்தினி வருஷம் ஆச்சா உங்களுக்கு?"

உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. அரிசி புடைபடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் அந்த வாசலில் நின்றேன்.